பெண் பார்க்க வந்த நாளில் அடைத்துக்கொண்ட குழாய்

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆறாவது மாதம் எங்கள் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

சாரம் என்கிற பகுதியில் இருக்கிறது எங்கள் வீடு. முன்னால் கூடம், இரண்டு அறைகள், பின்னால் சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை. வீட்டின் பக்கவாட்டில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குச் சந்து ஒன்று தெரு வரைக்கும் போகும். சமையலறைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் அந்தச் சந்துக்கு அடியில் குழாயில் ஓடித் தெருவிலிருக்கும் சாக்கடையில் சேரும். கழிப்பறைக்குத் தனியாக செப்டிக் டேங்க். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ஓடிய குழாயைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

அப்பா மின்சாரத் துறையில் வேலை பார்த்தவர். கம்பியோ குழாயோ, எதுவானாலும் தானே சரி செய்துவிடலாம் என்று நம்புகிறவர். ஓய்வு பெற்றபின் அந்த நம்பிக்கைக்கு நேரமும் சேர்ந்துகொண்டது. முதல் வாரம் தினமும் ஒரு குண்டான் வெந்நீர் ஊற்றினார். அடுத்த வாரம் கைப்பேசியில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, சோடா மாவைக் கொட்டி அதன்மேல் வினிகர் ஊற்றினார். தொட்டியில் நுரை பொங்கியபோது எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நுரை அடங்கியது, தண்ணீர் அப்படியே நின்றது. பிறகு ஹார்டுவேர் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்குக் கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணம் ஒன்று வாங்கி வந்தார். அதைத் தொட்டியில் வைத்து அமுக்கும்போதெல்லாம் குளியலறைக்குள்ளிருந்து களக், களக் என்று பதில் வந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அதன்பின் பாக்கெட்டில் வரும் தூள். கடைசியில் ஆசிட். ஐம்பது ரூபாய் பாட்டில். அதை ஊற்றிய அன்று அம்மா மத்தியானம் வரைக்கும் இருமிக்கொண்டே இருந்தாள். பளபளவென்றிருந்த தொட்டியின் சல்லடை கறுத்துப்போனது.

"எல்லாம் நீ ஊத்தற கஞ்சித் தண்ணிதான்" என்று அப்பா அம்மாவைக் குற்றம் சொன்னார். அம்மா கஞ்சியை வாளியில் பிடித்து மாட்டுக்காரருக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். அடைப்பு அதற்கும் அசையவில்லை.

வேறு வழியில்லாமல் ஒரு பிளம்பரை அழைத்தார்கள். அவர் தொட்டிக்குக் கீழிருக்கும் வளைவைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் நன்றாக இருந்தது. மறுபடி வந்தபோது சந்தில் நடந்து பார்த்து, சேம்பர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இரண்டு குழாயும் வந்து சேர்கிற சின்னத் தொட்டிக்குச் சேம்பர் என்று பெயர். அப்படி ஒன்று உண்டு என்று அப்பாவுக்கு நினைவிருந்தது. ஆனால் அதற்கு முந்தின வருஷம் சந்துக்கு டைல்ஸ் போட்ட கொத்தனார் அதன் மூடிக்கு மேலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார். எந்த டைலுக்கு அடியில் என்று தெரியவில்லை. அப்படியானால் சந்து முழுக்க உடைத்துத்தான் பார்க்க வேண்டும், குழாய் மாற்ற இருபத்திரண்டாயிரம் ஆகும், டைல்ஸ் தனி என்றார் பிளம்பர். அப்பா பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த டைல்ஸ் போட்டதே, என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு வீடு லட்சணமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. காலையில் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவேன். பிளம்பர் வந்ததும் போனதும் சாப்பிடும்போது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குமுன் இரண்டு வீட்டார் என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் என்னைக் கூடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து காட்டச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்பதை என்னிடம் சொல்லாமல் அப்பாவிடம் சொன்னார்கள். மூன்றாவதாக மூலக்குளத்திலிருந்து ஒரு வரன் வந்தபோது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் தட்டு தூக்குவது இதுதான் கடைசி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளைக்குச் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. அப்பா இல்லை. அம்மா பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் இருபது வருஷத்துக்கு மேலாக மெஸ் நடத்தி, பையன் சம்பாதிக்க ஆரம்பித்தபின் மூடியவர். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டாள், கேசரி கிண்டினாள். ஒன்பதரை மணிக்குப் பாத்திரங்களையெல்லாம் தொட்டியில் போட்டுக் கழுவினாள். தொட்டி நிரம்பியது, நின்றது. கொஞ்ச நேரத்தில் குளியலறைத் தரையிலிருக்கும் சல்லடை வழியாகச் சாம்பல் நிறத் தண்ணீர் மேலே வந்தது. கடலை மாவும் கறிவேப்பிலையும் மிதக்க, அது குளியலறை வாசலைத் தாண்டிக் கூடத்தைப் பார்த்து வர ஆரம்பித்தது. தலை நிறையப் பூவோடு நின்றிருந்த நான் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன்.

அப்பா பிளம்பருக்குப் போன் போட்டார். அவர் வில்லியனூரில் ஒரு காதுகுத்து விழாவில் இருந்தார். ஒரு மணிக்கு மேல்தான் வர முடியும் என்றார். இன்னொரு நாள் வரச் சொல்லிவிடலாம் என்று அம்மா கெஞ்சினாள். ஆனால் அதற்குள் அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தார்கள். அம்மா ஊதுவத்தி நாலு கட்டைப் பிரித்து வீடு முழுக்க ஏற்றி வைத்தாள். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு, யாராவது ஆள் கிடைக்கிறார்களா என்று பார்க்கப் போனார்.

அரை மணி நேரத்தில் ஒருவரைக் கூட்டி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சைக்கிளின் பின்னால் நீளமான மூங்கில் பிளாச்சை வளையமாகச் சுருட்டிக் கட்டியிருந்தார். வார நாட்களில் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலையும் செய்வாராம். மேலே நின்று குத்திப் பார்த்தால் எண்ணூறு, உள்ளே இறங்க வேண்டியிருந்தால் ஆயிரத்தைந்நூறு என்று அவர் சொல்லியிருக்கிறார். எதுவானாலும் சரி, சீக்கிரம் முடித்தால் போதும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வந்தவர் சட்டையைக் கழற்றி எங்கள் கேட்டில் மாட்டிவிட்டு, தெருவிலிருந்த சாக்கடை மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினார். விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை உள்ளே விட்டார்.

அந்த நேரத்தில்தான் ஆட்டோ வந்து நின்றது.

முதலில் இறங்கியது மாப்பிள்ளையின் அம்மா. குள்ளமாக, உறுதியான உடம்பு. அரக்குப் பட்டு, கையில் குடை. அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வாங்க, வாங்க என்று ஓடினார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. நேராகச் சாக்கடையின் பக்கம் போனார்.

"யப்பா, காலை வெளிய எடு" என்றார். "நீ உள்ள எறங்க வேணாம்."

சாக்கடை விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கூப்பிய கையை இறக்கினார்.

"ஆள எறக்கறது சட்டப்படியே தப்புங்க. சட்டத்த வுடுங்க, எங்க மெஸ்ஸுக்குப் பின்னாடி ஒருத்தர் இப்படித்தான் எறங்கினாரு. கயிறு கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. பதினோரு நாள் ஆஸ்பத்திரில கெடந்தாரு. அந்தக் காத்து ஆளையே மயக்கிடும். எந்த வேலையா இருந்தாலும் மேல நின்னு பாக்கட்டும்."

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. தப்புதாங்க, யோசிக்கல என்றார். காலை வெளியே எடுத்துக்கொண்டு எழுந்தவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். பிறகு ஒருநாள் அப்பா என்னிடம் அதைப் பற்றிப் பேசினார். "அவசரத்துல அந்த மனுஷன் எனக்குக் கண்ணுக்கே தெரியலம்மா, அடைப்பு மட்டுந்தான் தெரிஞ்சுது" என்றார். அப்பா வெட்கப்பட்டு நான் பார்த்த ஒன்றிரண்டு சமயங்களில் அது ஒன்று.

மாப்பிள்ளையின் அம்மா குடையை ஊன்றிக்கொண்டு குனிந்து சாக்கடைக்குள் பார்த்தார். எங்கள் வீட்டுக் குழாய் வந்து சேரும் வாய் காய்ந்து கிடந்தது. "இங்க சொட்டுத் தண்ணி வரல. அடைப்பு உங்க வூட்டுக்குள்ளதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை. அதற்கும் பின்னால் மாப்பிள்ளையின் சித்தப்பா, கையில் பழப்பையோடு.

நான் அறைக்குள் தட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று பார்த்தேன், யாரும் கூப்பிடவில்லை. நானாகவே வெளியே வந்தேன். கூடத்தில் சித்தப்பா மட்டும் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். காப்பியை அவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு பஜ்ஜியைக் கடித்துப் பார்த்து, உப்பு சரியா இருக்கும்மா என்று சொல்லிவிட்டு இரண்டாவதை எடுத்தார். மற்ற எல்லோரும் சமையலறையில் இருந்தார்கள்.

அங்கே மாப்பிள்ளையின் அம்மா, டாக்டர் நோயாளியைக் கேட்பதுபோல என் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். தொட்டி மட்டும் நிற்கிறதா, குளியலறையிலும் மேலே வருகிறதா? இரண்டிலும் வருகிறது என்றால் அடைப்பு இரண்டு குழாயும் சேர்ந்த இடத்துக்கு அப்பால். அப்படியானால் தொட்டியில் எதை ஊற்றியும் பயனில்லை, சேம்பரைத் திறந்து அங்கிருந்து தெருப் பக்கமாகத்தான் குத்த வேண்டும். அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். ஐந்து மாதம் அவர் ஊற்றியதெல்லாம் அடைப்பின் பக்கத்தில்கூடப் போயிருக்காது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சேம்பர் டைலுக்கு அடியில் மறைந்துபோன கதையை மெல்லச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர்கள் எதிரில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். எல்லோரும் திரும்பினார்கள். சின்ன வயதில் நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அந்தச் சந்தில்தான் பாண்டி ஆடுவோம். நடுவில் இரும்பு வளையம் வைத்த சதுர மூடி ஒன்று இருந்தது. அதைத்தான் கடைசிக் கட்டமாக வைத்துக்கொள்வோம். அதில் நின்றால் இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளலாம். வளையத்தில் தடுக்கி நான் பல்லை உடைத்துக்கொண்டதும் அங்கேதான். குளியலறை ஜன்னலைத் தாண்டித் தெருப் பக்கமாக ஒன்றிரண்டு எட்டு. யாரும் என்னைக் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

"போடா, அது கூடப் போயித் தட்டிப் பாரு" என்று மகனை அனுப்பினார் அவர்.

மாப்பிள்ளை இஞ்சி இடிக்கும் சின்ன உலக்கையை எடுத்துக்கொண்டார். அவர் டைலைத் தட்ட, நான் பட்டுப்புடவையோடு மண்டியிட்டுக் காதைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டேன். ஜன்னலுக்கு நேரே இருந்த மூன்று டைல்களும் ஒரே மாதிரி மொத்தென்று கேட்டன. நாலாவது, காலிக் குடத்தைத் தட்டியதுபோலக் கேட்டது. அவர் மறுபடி தட்டினார்.

"இதுங்களா?" என்றார்.

"இதுதான்."

"தப்பா இருந்தா?"

"பக்கத்துல இருக்கறத ஒடைக்கலாம். ஒரு டைல்தானே."

அவர் சிரித்தார். எங்கள் இருவருக்கும் இடையே நடந்த முதல் பேச்சு இது.

உடைப்பதற்கு முன்னால் அவருடைய அம்மா அப்பாவிடம், ஆசிட் எதுவும் ஊற்றினீர்களா என்று கேட்டார். முந்தின நாள் சாயங்காலம்கூட அரை பாட்டில் ஊற்றியதாக அப்பா ஒத்துக்கொண்டார். அப்போது நான் குறுக்கே பேசினேன். கண்ணில் ஆசிட் தெறித்து, கண்ணாடி போட்டால் பார்வை திரும்புமா என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களை நான் கடையில் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு எதுவும் போடாமல் யாரும் கிட்டே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, என் அறையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்தேன். கடையில் விலை போகாத பழைய மாடல் கண்ணாடிகள். பவர் இல்லாத வெறும் பிளாஸ்டிக் போட்டவை. இந்த வேலைக்கென்று விற்கும் முழுக் கண்ணாடி ஒன்றும் வீட்டில் இல்லை. வெறும் கண்ணோடு போவதற்கு இது தேவலாம்.

கைக்குக் கிடைத்ததை எல்லோரும் மாட்டிக்கொண்டோம். அப்பாவுக்குக் கறுப்புப் பட்டைச் சட்டம். மூங்கில் கொண்டுவந்தவருக்கு வட்டமான தங்கநிறக் கண்ணாடி. அப்பாவின் வண்டிக் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குக் கிடைத்தது ஓரத்தில் கல் பதித்த ரோஸ் நிறப் பெண்கள் கண்ணாடி. சித்தப்பா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, எனக்கு இல்லையா என்று கேட்டு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, திரும்பப் போய் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தார்.

டைலை உளியால் உடைத்து எடுத்தார்கள். துருப்பிடித்த வளையம் தெரிந்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கடப்பாரையை மாட்டி மூடியைத் தூக்கினார்கள். உள்ளே கழுத்து வரைக்கும் சாம்பல் தண்ணீர். அதற்கு மேலே விளிம்பெல்லாம் கரப்பான் பூச்சிகள். வெளிச்சம் பட்டதும் நாலு பக்கமும் சிதறி ஓடின. மாப்பிள்ளை ஒரே தாவலில் துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி நின்றார்.

"அவனுக்குக் கரப்பான்னா ஆவாது" என்று அவருடைய அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

நல்ல தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி ஆசிட்டைக் கரைத்தோம். மேலே வழிந்ததைத் தள்ளிவிட்டோம். மூங்கில்காரர் பிளாச்சை நிமிர்த்தித் தெருப் பக்கக் குழாய்க்குள் செலுத்தினார். ஏழெட்டு அடி சுலபமாகப் போய், பிறகு எதிலோ முட்டி நின்றது. குத்தினார், திருகினார், பின்னால் இழுத்து மறுபடி குத்தினார். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடிக்கடி துள்ளிய பிளாச்சின் வாலைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மூங்கிலின் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு முழங்கை வரைக்கும் சேம்பருக்குள் விட்டு, குழாயின் வாயைத் தடவிக் கட்டி கட்டியாக எடுத்துப் போட்டார். உறைந்த எண்ணெய். துணி சோப்புபோலக் கெட்டியாக இருந்தது. அதற்குள் பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நார். நாரோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஓடு ஓடாக ஏதோ வந்தது. மூங்கில்காரர் அதை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இது சிமெண்டு பாலு சார். டைல்ஸ் போட்டவன் சட்டி கழுவி இதுலயே ஊத்தியிருக்கான். அதுலதான் எண்ணெ தங்கியிருக்குது. கொழாய்க்கு ஒண்ணும் ஆவல. மாத்தவே வேணாம்."

அந்தக் கொத்தனாரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தவர் அப்பா. அம்மா அப்பாவைப் பார்த்தாள். ஐந்து மாதமாகக் கஞ்சித் தண்ணீர், கஞ்சித் தண்ணீர் என்று பேச்சு வாங்கியவள் அவள். உள்ளே போய், சித்தப்பா தின்று தீர்த்த பஜ்ஜிக்குப் பதிலாக இன்னொரு ஈடு போட ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் மூங்கில் சட்டென்று உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. சேம்பரில் தண்ணீர் ஒருமுறை சுழன்றது. பிறகு மளமளவென்று இறங்கியது. வீட்டுக்குள் சமையலறைத் தொட்டி பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. நான் தெருவுக்கு ஓடிப் பார்த்தேன். காய்ந்து கிடந்த வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட அத்தனை பேரும் என் பின்னால் வந்து நின்று, அருவியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தோம். மாப்பிள்ளை கல்லிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரமும் காப்பியும் மட்டும் சாப்பிடுவார்கள். சம்பந்தம் முடிவாகும் வரைக்கும் அந்த வீட்டில் சோறு சாப்பிட மாட்டார்கள். கை நனைக்க மாட்டோம் என்பார்கள். அப்பாவுக்கு அவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மனமில்லை, கேட்கவும் தயக்கம். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, நீங்கள் கை நனைக்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் என்று இழுத்தார். மாப்பிள்ளையின் அம்மா குழாயடியில் நின்று மூன்றாவது முறையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"முழங்கை வரைக்கும் நனைச்சாச்சுங்க அண்ணே" என்றார். "இதுக்கு மேல என்னா இருக்குது?"

முதலில் சிரித்தது மூங்கில்காரர். பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். அன்று அவர் என்னை நின்று பார்த்தது அப்போதுதான்.

"சோறு வேற, சம்பந்தம் வேற. பொண்ணு யோசிச்சுச் சொல்லட்டும். வேணாம்னு சொன்னாலும் ஒண்ணுமில்ல, நான் சாப்பிட்டுத்தான் போவேன். பசிக்குது."

அம்மா அவசரமாக வைத்த சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். அவருடைய பட்டுப்புடவையின் ஓரம் நாசமாகியிருந்தது. அம்மாவின் நூல் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூங்கில்காரர் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். மேலே நின்று செய்ததற்கு எண்ணூறு என்று அவர் சொல்ல, அப்பா ஆயிரத்தைந்நூறைக் கொடுத்து, தன் பக்கத்தில் இலை போட்டு அவரை உட்காரவைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. இதை வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார். அதில் பவர் இல்லை, கடைக்கு வாருங்கள் என்றேன். அடுத்த வாரமே வந்தார். கிட்டத்தில் இருக்கும் எழுத்து ரொம்ப நாளாகவே அவருக்குத் தெரியவில்லை. பரிசோதித்து, அதே வட்டச் சட்டத்தில் பவர் போட்டுக் கொடுத்தேன்.

ஒன்றேகால் மணிக்குப் பிளம்பர் வந்தார். திறந்து கிடந்த சேம்பரைப் பார்த்துவிட்டு, மூடி எங்கே என்று தெரிந்திருந்தால் நானும் உடைக்கச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். அது நியாயந்தான். மூங்கில் வழி மட்டும்தான் பண்ணியிருக்கிறது, குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் சிமெண்டும் எண்ணெயும் போகாவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி அடைக்கும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். நுனியில் வெட்டும் பல் வைத்த ஸ்பிரிங் கம்பியை மோட்டாரில் சுழற்றி உள்ளே விடும் மெஷின் பிளம்பருக்குத் தெரிந்தவரிடம் இருந்தது, இரண்டாயிரம் ரூபாய். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஜெட் வண்டி வேண்டுமானால் மூவாயிரத்தைந்நூறு. மெஸ்ஸில் அவர் இரண்டையும் பார்த்தவர். சிமெண்டைச் செதுக்க ஜெட் ஆகாது, ஸ்பிரிங்தான் என்றார். திங்கட்கிழமை ஸ்பிரிங் வந்தது. இருபத்திரண்டாயிரம் இரண்டாயிரத்தோடு நின்றது.

அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் நானும் மாப்பிள்ளையும் சந்தில் பத்து நிமிஷம் தனியாகப் பேசினோம். வேலைக்குப் போவதைப் பற்றி நான்தான் கேட்டேன். நீங்கள் வேலையை விட்டால் எங்கம்மாதான் என்னைத் திட்டுவார் என்றார். கரப்பான் பூச்சி விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை.

ஆட்டோ போனபின் வீட்டைக் கழுவிவிட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. முன்பு வந்தவர்களெல்லாம் என் நடையைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள், தலைமுடியின் நீளத்தைக்கூடப் பார்த்தார்கள். அன்று யாரும் என்னை அப்படிப் பார்க்கவேயில்லை. எல்லோரும் ஒரு குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், கேட்டார்கள். பூ கசங்கி, புடவையில் சேறு பட்டு, நான் அவ்வளவு நிம்மதியாக யார் முன்னாலும் நின்றதில்லை. சாயங்காலம் அம்மாவிடம் சம்மதம் என்றேன். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டாள். பிடித்திருக்கிறது, அவங்கம்மாவை இன்னும் கொஞ்சம் கூடப் பிடித்திருக்கிறது என்றேன். தை மாதம் கல்யாணம் நடந்தது.

மூலக்குளத்து வீட்டில் பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஆறவைத்துப் பழைய பாட்டிலில் ஊற்றி மூட வேண்டும். பிசுக்குள்ள சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். தேங்காய் நார் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அத்தை எனக்குப் போட்ட கட்டுப்பாடுகள் மொத்தமே இவைதான். மற்றபடி நான் எத்தனை மணிக்கு வருகிறேன், என்ன உடுத்துகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சாரத்தில் அப்பா அந்த டைலை மட்டும் ஒட்டவிடாமல், தூக்கி எடுக்கிற மாதிரி இரண்டு கொக்கி வைத்துப் பதித்துவிட்டார். தெருவில் யார் வீட்டில் அடைத்தாலும் இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். முதலில் மூடியைத் திறக்கச் சொல்வார். உள்ளே யாரையும் இறக்கக் கூடாது என்பார். எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே காய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மூங்கிலா, ஸ்பிரிங்கா, ஜெட்டா என்ற பேச்சு. சந்தேகம் வந்தால் அத்தைக்குப் போன் செய்வார். இருவரும் நலம் விசாரிக்க இரண்டு நிமிஷம் ஆகும். மீதி அரை மணி நேரம் குழாயைப் பற்றித்தான் பேசுவார்கள். அப்பாவுக்கு ஜெட் மேல் ஒரு மோகம். அத்தை அதை ஒத்துக்கொள்வதில்லை.

போன வாரம் அப்பா போன் செய்தார். நான் எடுத்தபோது பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தமும் நாலைந்து பேர் பேசுவதும் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் என்றார்.

"உங்க அத்த கிட்ட போனக் குடு, சீக்கிரம். உங்கம்மா கிட்ட மட்டும் சொல்லாத. காய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."